ஒத்த பொம்பளைக்கு ஓடுன பஸ்ஸு

ஸ்ட்ரைக் அன்னிக்கு கண்டக்டர் வீரராகவன் பஸ்ஸ எடுத்தது சர்ச் ஸ்டாப்பிங் சாராளுக்காகன்னு கும்முடிப்பூண்டி பூராவும் ஒரு பேச்சு. டீக்கடைல பேசுறாங்க, மீன் மார்க்கெட்ல பேசுறாங்க, ரயில்வே கேட்டு மூடுனா வண்டிய ஆஃப் பண்ணிட்டு பேசுறாங்க. ரெண்டு பேரும் சூலூர்பேட்டைக்கு போயி கோயில்ல தாலி கட்டிக்கினாங்கன்னு கூட ஒருத்தன் சொன்னான். அந்தம்மா ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்கு போறவங்களாச்சே, எந்த கோயில்லடான்னு கேட்டேன். அது தெரியாது, ஆனா கட்டிக்கினது உண்மைன்னான்.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுறவன். பஸ் ஸ்டாண்டு வாசல்தான் எனுக்கு ஸ்டாண்டு. ஏறுறவங்க எறங்குறவங்க எல்லாரு வாயும் என் காது பக்கத்துலதான் இருக்குது. டெப்போ பெருக்குற லோகு வேற எனுக்கு சேக்காளி. அதனால நடந்தது நடந்தபடி என்கிட்ட இருக்குது, சொல்றேன்.

வீரராகவனுக்கு ரிட்டயர்மென்ட்டு கிட்ட வந்துட்ச்சி. நல்ல நெட்ட. பஸ்ஸுல நின்னா மேல் கம்பி தலைல இடிக்கும், அதனால கழுத்த ஒரு பக்கமா சாச்சிக்கினே நின்னு பழகிட்டாரு. இப்போ தரைல நின்னாலும் அப்டியேதான், யாரோ ரகசியம் சொல்றத கேக்குற மாதிரி. சம்சாரம் போய்ச்சேந்து ரொம்ப வருசம் ஆவுது. ஒரே பொண்ணு, பள்ளிப்பட்டுல கட்டிக் குடுத்துட்டாரு. பொங்கலுக்கு வரும், பைய கீழ வெக்கிறதுக்குள்ள மாமியார் போன் அடிக்கும், கெளம்பிடும். ஊட்ல டிவி கூட கெடயாது. ஏன்னு கேட்டா, யார் கூட உக்காந்து பாக்குறதுன்னுவாரு.

அவரு பஸ்ஸு காலைல ஏரிக்கு அந்தாண்ட கீற காலனிலருந்து கெளம்பி, பஜார், சிப்காட் கம்பெனிங்க வழியா பஸ் ஸ்டாண்டுக்கு வரும். ஏறுறதெல்லாம் பொம்பளைங்க. அல்லாரும் கம்பெனில கான்ட்ராக்ட்டு வேல பாக்குறவங்க. பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ. ஆனா ஃப்ரீன்னாலும் ஒரு டிக்கெட்டு அடிச்சி கைல குடுக்கணும். அந்த டிக்கெட்ட எண்ணிதான் கவர்மென்ட்டு டெப்போவுக்கு பணம் குடுக்கும்.

நம்மாளு இன்னா பண்ணாருன்னா, டிக்கெட்டே அடிக்கல. அந்த மிஷினு ஒரு டிக்கெட்டு துப்புறதுக்குள்ள ஒரு ஸ்டாப்பிங் வந்துரும். லேட்டா போனா கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி நிறுத்திருவான், அர நாள் சம்பளம் போயிரும். சும்மா பேப்பருதானேம்மா, எறங்கு எறங்குன்னு உட்ருவாரு. அதுங்களுக்கும் சந்தோஷம். போற போக்குல, இன்னா கண்டக்டரே, சாப்ட்டியா, சட்டைல பட்டன் இல்ல பாருன்னு எதனா சொல்லிட்டு எறங்கும்ங்க. நாள் முழுக்க அவருகிட்ட யாரும் சாப்ட்டியான்னு கேக்குறது அங்க மட்டும்தான்.

டெப்போ கம்ப்யூட்டர்ல பாத்தா அந்த டிரிப்புல ஈ, காக்கா இல்ல. நிக்க எடமில்லாத பஸ்ஸு, கணக்குல மட்டும் டிரைவரும் கண்டக்டரும் ஜாலியா ஊர் சுத்துற பஸ்ஸு. டெப்போல ஏற்கெனவே டயருக்கு பணம் இல்ல, ஆளும் பத்தல. எந்த ரூட்டு நஷ்டம்னு மேலருந்து கேக்குறாங்க. மேனேஜரு இவர கூப்ட்டு, உன் டிரிப்ப நிறுத்திட்டு வண்டிய காட்டுப்பள்ளி பக்கம் போடப்போறோம்னாரு.

கூட்டம் இருக்குது சார், நான்தான் டிக்கெட்டு அடிக்கலன்னு சொல்லணும். சொன்னா சஸ்பெண்டு. ரிட்டயர் ஆவுற நேரத்துல யாரு சொல்லுவா? கழுத்த சாச்சிக்கினு நின்னுட்டு, இந்த ஒரு மாசம் பாருங்க சார்னு மட்டும் கேட்டாராம். லோகு ஜன்னலாண்ட பெருக்கிக்கினு இருந்தான், அவன் சொன்னது. மேனேஜரு சரின்னுட்டு, ஆனா ஒரு நாள் கூட வண்டி நிக்கக்கூடாது, நின்னா நின்னதுதான்னாரு. அது வெத்து மெரட்டல் இல்ல. கொரோனால நிறுத்துன டிரிப்புங்க சிலது இன்னும் திரும்பி வர்ல.

மறுநாள்லருந்து இவரு ஒவ்வொருத்தரா புடிச்சி டிக்கெட்டு குடுக்க ஆரம்பிச்சாரு. பொம்பளைங்க அவர கிழிச்சி தொங்க உட்டாங்க. இத்தினி நாளு நல்லாதானே இருந்த, இன்னா பேய் புட்ச்சிக்கிச்சான்னு கேட்டாங்க. இவரு மிஷின கீழ வெக்கல. அடிச்சிக்கினே இருந்தாரு.

அந்த மாசம் பாத்துதான் ஸ்ட்ரைக்கு வந்துச்சி. ரிட்டயர் ஆனவங்களுக்கு சேரவேண்டியது இன்னும் சேரல, போன ஆளுக்கு பதிலா ஆள் எடுக்கல, கான்ட்ராக்ட்டு டிரைவர உள்ள உடுறாங்க. நியாயமான ஸ்ட்ரைக்குதான். நாளைக்கு வீரராகவன் ரிட்டயர் ஆனா அவருக்கும் அதே கதிதான். அவரு யூனியன்ல பழைய ஆளு வேற. டெப்போ கேட்டுல கொடி கட்டுறதே அவருதான், நெட்டையாச்சே, ஏணி வேணாம்.

அன்னிக்கு விடியக்கால வழக்கம் போல வந்து கொடிய கட்டுனாரு. கட்டிட்டு, அந்த கொடிக்கு கீழயே உள்ள பூந்து, கண்டக்டர் பைய எடுத்து தோள்ல மாட்டிக்கினாரு. வாசல்ல உக்காந்துகினு இருந்தவங்களுக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் ஒருத்தரும் கத்தல. யூனியன் செக்ரட்டரி பரசுராமன் மட்டும் எழுந்து வந்தாரு. ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்கு சேந்தவங்க.

"எடுத்துக்கினு போ வீரா. கொடி உன் கையால கட்னது, அது இருக்கட்டும். ஆனா நாளைலருந்து எங்க கொழம்ப கேக்காத."

இத வெளியூர் ஆளுக்கு வெளக்கி சொல்லணும். மத்தியானம் டெப்போ ரெஸ்ட் ரூம்ல பேப்பர விரிச்சி, சுத்தி உக்காந்து அல்லாரும் டிபன் பாக்ஸ தொறப்பாங்க. பொண்டாட்டி இல்லாத ஆளாச்சே, வீரராகவன் வெறும் சோறு மட்டும் வடிச்சி எடுத்துகினு வருவாரு. கொழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் மத்தவங்க பாக்ஸ்லருந்து. இது வருசக்கணக்கா நடக்குறது.

பஸ்ஸு கெளம்புச்சி. டிரைவரு அன்னிக்கு மட்டும் புடிச்சிக்கினு வந்த லாரி டிரைவரு, அவருக்கு ரூட்டே தெரியாது. இவரு பக்கத்துல நின்னு வழி சொல்லிக்கினே போனாரு. முன்னாடி போலீஸ் ஜீப்பு. காலனில ஒருத்தரும் இல்ல. பஸ்ஸு வராதுன்னு அல்லாரும் எங்க ஆட்டோல ஏறி போயிட்டாங்க. பொய் இன்னாத்துக்கு, அன்னிக்கு எங்களுக்கு தீபாவளி. சர்ச் ஸ்டாப்பிங்ல மட்டும் சாராள் நின்னுக்கினு இருந்தாங்க. போன் ரிப்பேரு, ஸ்ட்ரைக்குன்னே அவங்களுக்கு தெரியாது. ஏறுனாங்க. இவரு மிஷின எடுத்து ஒரே ஒரு டிக்கெட்டு அடிச்சி குடுத்தாரு.

ஜீப்பு முன்னாடி, பஸ்ஸு பின்னாடி, உள்ள ஒத்த பொம்பள. கல்யாண ஊர்வலம் மாதிரி பஜார் வழியா வந்துச்சி. அப்புறம் ஊரு வாய கேக்கணுமா?

டிரிப்பு தப்பிச்சிக்கிச்சி. இன்னும் ஓடுது. டிக்கெட்ட பாத்துட்டு மேனேஜரு, இத்தினி பேரு திடீர்னு எங்கேர்ந்து வந்தாங்கன்னு கேட்டாராம், ஆனா நிறுத்தல. வீரராகவன்தான் நின்னுட்டாரு. ரெஸ்ட் ரூமுக்குள்ள போறதில்ல. நிறுத்தி வெச்ச பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்து, வெறும் சோத்துல தண்ணி ஊத்தி, ஊறுகா பாக்கெட்ட பல்லால கிழிச்சி சாப்புடுறாரு. கொடிய இப்போ வேற யாரோ ஸ்டூல் போட்டு கட்டுறாங்க. பஸ்ஸுல பொம்பளைங்க டிக்கெட்ட வாங்கிக்கினு, அவர பாத்து ஒருத்தர ஒருத்தர் இடிச்சிக்கினு சிரிக்கிதுங்க. சாப்ட்டியான்னு கேட்டா தன் பேரும் அந்த கதைல சேந்துருமோன்னு யாரும் கேக்குறதில்ல. சாராள் பஸ்ஸையே உட்டுட்டாங்க. ஃப்ரீயா போனவங்க இப்போ பணம் குடுத்து என் ஆட்டோலதான் வர்றாங்க.

போன வாரம் அவரு தனியா சோறு தின்னுக்கினு இருந்தாரு. எனுக்கு வாய் சும்மா இருக்குமா. ஜன்னலாண்ட போயி, "இன்னாண்ணா, சாராளம்மா தெனமும் என் வண்டிலதான் வர்றாங்க, எதனா சேதி சொல்லணுமா?"ன்னேன்.

கோவப்படுவாருன்னு பாத்தேன். வாய்ல இருந்த சோத்த மென்னு முழுங்கிட்டு சொன்னாரு:

"அந்தம்மா பேரு சாராளுன்னு நீங்க பேசித்தான்யா எனுக்கே தெரியும். அன்னிக்கு அவங்க நிக்கலன்னா வெறும் வண்டிய ஓட்டிக்கினு வந்திருப்பேன். டிக்கெட்டு அடிக்காம அந்த டிரிப்ப சாவடிக்க பாத்தவன் நானு. அதுக்குதான் ஏறுனேன், எவளுக்காகவும் இல்ல."