பாண்டுப் வண்டியில் ஒன்பது பேர்

தாராவிப் பேராச்சிக்கு, ரயிலில் போகும் தூரத்தில் உள்ள பாண்டுப்பில் தோட்டவேலை கிடைத்தது அறுபத்தொன்றில். ரோஷன்பாய் என்ற பார்சி அம்மாளுக்கு மூன்று தலைமுறைச் சொத்து அந்தத் தோட்டம். மலைச்சரிவு முழுக்க அவர் தாத்தா வைத்த களாச்செடிகள். சித்திரையில் பறிக்கும் காய் மாட்டுங்கா ஊறுகாய்க்காரர்களுக்குப் போகும். வைகாசியில் கறுத்துப் பழுப்பது தாதர் மார்க்கெட்டுக்கு. முள்ளுக்குள் கைவிட்டு, காம்பில் வடியும் பால் பிசுபிசுக்கப் பறிக்கவேண்டும். முழங்கை வரை கீறல். பேராச்சி அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை.

காரணம் உண்டு. மறுவருஷமே அவளுக்கு டைபாய்டு வந்தது. புருஷன் பூலோகத்துக்குத் தோல் கிடங்கில் வேலை, லீவு கிடையாது. ரோஷன்பாய் டாக்ஸியில் தாராவிக்கே வந்தார். வண்டி நுழையாத சந்தில் சாக்கடையைத் தாண்டி நடந்துவந்து, அவளையும் கைக்குழந்தையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இருபத்துநாலு நாள் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அறுபத்தைந்து வைகாசியில் மேகம் முந்திக்கொண்டு திரண்டது. தோட்டத்து ஆட்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பழத்தில் முக்கால்வாசி செடியிலேயே இருந்தது. நனைந்தால் வெடித்து அழுகிவிடும்.

"ஜானே தோ, பேராச்சி" என்றார் ரோஷன்பாய். இந்த வருஷம் போனால் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

"நஹி பாய். கல் ஆத்மி லாயேகா." நாளைக்கு ஆள் கொண்டுவருகிறேன் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

அன்று சாயங்காலம் தன் சந்தில் எட்டு வீட்டுக் கதவைத் தட்டினாள். எட்டுப் பேரும் வருவதாகச் சொன்னார்கள். மீனாட்சியம்மாள் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள். பொங்கலன்று குழாயடியில் மூண்ட சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

விடிந்ததும் சயான் ஸ்டேஷனுக்கு வந்தால், எல்லோருக்கும் முன்னால் மீனாட்சியம்மாள் நிற்கிறாள்.

"எட்டுக் கதவத் தட்டுனவளுக்கு என் வீடு மட்டும் கண்ணுல படலையோ?"

"நீங்க பேசமாட்டீயளோன்னுதான் மதினி..."

"பேசவா வந்தேன்? பழம் பறிக்க வந்தேன். நீ காய்ச்சல்ல கெடந்தப்ப ஒம் புள்ளைய வச்சுப் பாத்த அம்மால்லா அவுக. போ, டிக்கெட்ட எடு."

பேராச்சி ஒரு டிக்கெட்டைக் கூடுதலாக எடுத்தாள்.

தோட்டத்தில் பழைய சேலைகளைச் செடிக்கடியில் விரித்து, கனிந்ததைக் கம்பால் தட்டி உதிர்த்தார்கள். மீதியைக் கையால் பறித்தார்கள். மீனாட்சியம்மாளுக்குத்தான் கை வேகம்.

"இந்த முள்ளுக்கு ஒன் வாயே தேவலட்டி" என்று அவள் சொல்ல, பேராச்சிதான் முதலில் சிரித்தாள்.

மூன்று மணிக்குப் பெரிய துளிகள் விழுந்தன. கடைசிக் கூடை அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டிருந்தது. ரோஷன்பாய் எல்லோருக்கும் டீ கொடுத்தார். பிறகு கீழே உட்கார்ந்து ஒவ்வொருத்தி கையிலும் கீறலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். பேராச்சி முறை வந்தபோது அவளுக்கு இந்தி வரவில்லை.

"என்னத்த முணுமுணுக்க? சத்தமாச் சொல்லு, நான் இந்தில சொல்லுதேன்" என்றாள் மீனாட்சியம்மாள்.

"அன்னைக்கு இவுக வரலேன்னா நான் இல்லன்னு சொல்லுங்க மதினி."

மீனாட்சியம்மாள் சொன்னாள். ரோஷன்பாய் பேராச்சியின் கையில் இன்னொரு தரம் எண்ணெய் தடவினார்.

மறுவருஷத்திலிருந்து களா பறிக்க நாள் குறிப்பது பேராச்சியின் பொறுப்பாயிற்று. அவள் சொல்லி அனுப்பினால் ஒன்பது பேரும் சயானில் வந்து நிற்பார்கள்.