கடற்கரைத் தெருவுக்கு அழைப்பு இல்லை

பெரியபட்டினத்தில் கல்யாணப் பத்திரிகையை எவ்வளவு பளபளப்பாக அடித்தாலும் சரி, ஜஸீலா வாசலில் வந்து நின்று வாயால் சொன்னால்தான் அது அழைப்பு. கறுப்புக் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைப்பாள். ஸலாம் சொல்லி, ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். இன்னார் வீட்டு நிக்காஹ், இன்ன நாள் என்று சொல்லிவிட்டு, "வீட்டோட வந்துருங்க, அன்னைக்கு அடுப்பு மூட்டாதீங்க" என்று முடிப்பாள். புருஷன் மௌத்தான பிறகு இதுதான் அவள் பிழைப்பு.

இந்தப் பிழைப்பில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. போகிற வழியில் ஒரு வீட்டைக்கூட விடக் கூடாது. பேச்சுவார்த்தை முறிந்துபோன வீட்டைத்தான் அழைப்பில் விடுவார்கள். ஊரில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி ஜஸீலாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் ஒரு தெருவையே விட்டாள்.

ஆரம்பித்து வைத்தவள் சஃபா. துபாயிலிருந்து திரும்பி வந்து, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் புர்காவும் சுடிதாரும் விற்கக் கடை போட்டவள். கெட்டிக்காரி, குறை சொல்ல முடியாது. கடையை ஊருக்குத் தெரியவைக்க அவள் படாத பாடில்லை. பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து அனுப்பினாள். டீக்கடையில் அதிலேயே வடை மடித்துக் கொடுத்தார்கள். பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினாள். கச்சான் காற்று அதைக் கிழித்துக் கொண்டுபோய்க் கருவேல மரத்தில் மாட்டியது. ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றவிட்டாள். தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழ, தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம்தான் அவளுக்குப் பொறி தட்டியது. இந்த ஊர் யார் சொன்னால் கேட்கும்? ஜஸீலா சொன்னால் கேட்கும்.

கடை திறப்புக்கு, கல்யாணத்துக்குச் சொல்வதைப் போலவே வீடு வீடாகச் சொல்ல வேண்டும். சொன்ன வீட்டில் கடைப் பெயர் போட்ட துணிப்பை ஒன்று கொடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. நிக்காஹ் எங்கே, வியாபாரம் எங்கே என்று ஜஸீலாவுக்கு முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாணம் இல்லாத மாதம் அது. சரி என்றுவிட்டாள். பைகளை எடுத்து அடுக்கும்போது சஃபா சாதாரணமாகச் சொன்னாள்:

"கடற்கரைத் தெருவ மட்டும் விட்டுருங்க லாத்தா. அங்கன யாரு நம்ம கடையில வந்து எடுக்கப் போறா? பைதான் வீணாப் போகும்."

ஜஸீலா பிறந்த தெரு அது. அப்போதே அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையை எண்ணுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பள்ளிவாசல் தெருவை முடித்துவிட்டுப் புதுத்தெருவுக்குப் போக, கடற்கரைத் தெரு வழியாகத்தான் குறுக்குப் பாதை. சுற்றிப் போயிருக்கலாம், வெயிலுக்குச் சோம்பல். கைநிறையப் பைகளோடு அவள் தெருவுக்குள் நுழைந்ததும், தன் வீட்டு வாசலில் கறிக்கு நண்டு ஆய்ந்துகொண்டிருந்த காலிதா எழுந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து கூடப் பழகியவள். கம்பெனிக்கு நண்டு உரிக்கப் போய் வயிறு கழுவுகிறவள். புருஷன் மௌத்தாகி ஜஸீலா வெளியே வராமல் இத்தாவில் இருந்த மாதங்களில், வேலை முடிந்த கையோடு ஆணமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவள். அந்தக் காலிதா அவசரமாகக் கையைக் கழுவி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, உள்ளே திரும்பித் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

ஜஸீலா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. வெறும் போனில் "ஆமா, ஆமா" என்று பேசிக்கொண்டே அந்த வாசலைத் தாண்டினாள். தெரு முனை வருவதற்குள் முதுகெல்லாம் எரிந்தது. வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடை திறப்புக்குக் கூட்டம் சொல்லி மாளாது. பழக்கதோஷத்தில் ஜஸீலா சில வீடுகளில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்றும் சொல்லிவைத்திருந்தாள். அவர்களும் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். சஃபா பரோட்டாவுக்கு ஆள் அனுப்பிச் சமாளித்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எந்தக் கடை திறந்தாலும் லாத்தாதான் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஜஸீலாவுக்கு அந்தக் கையை உருவிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலிதா வந்தாள். கம்பெனி உடுப்போடு வரவில்லை, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள். உட்காரச் சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்தாள். போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் கையிலேயே வைத்திருந்தாள். கோபித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள், நன்றாக நாலு வார்த்தை கேட்கட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றுதான் ஜஸீலா காத்திருந்தாள்.

"நான் ஏதும் தப்பாப் பேசியிருந்தா பொறுத்துக்க புள்ள. நீ வாசலத் தாண்டிப் போனதுலேருந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். என்ன பேசுனேன்னு நெனப்புக்கே வர மாட்டேங்குது."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறாள். மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் காலிதா நம்பிவிடுவாள். சிரித்துக்கொண்டே எழுந்து போவாள். உள்ளதைச் சொன்னால், நீ ஏழை என்பதால் விட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும். அந்த அடி காலிதாவுக்குத்தான் விழப்போகிறது. ஆனால் பொய் சொன்னால், இன்னொரு முறை போனைக் காதில் வைத்துக்கொண்டது போலாகும். அதை இனிமேல் ஜஸீலாவால் தாங்க முடியாது.

"நீ ஒண்ணும் பேசல. அங்கன யாரும் துணி எடுக்க மாட்டாக, விட்டுருங்கன்னு சஃபா சொல்லுச்சு. நானும் சரின்னுட்டேன். ஒன்னயப் பாத்துட்டு, பாக்காத மாதிரிதான் போனேன்."

காலிதா நண்டு ஓடு கிழித்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு, வந்த காரியம் இன்னொன்றும் உண்டு என்றாள். மகள் சுஹாவுக்கு நிக்காஹ் குறித்தாயிற்று. ஊருக்கெல்லாம் ஜஸீலாதான் அழைப்புச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டையும் விடக் கூடாது. சஃபா வீட்டிலிருந்தே தொடங்கட்டும் என்றாள்.

ஜஸீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அல்லாஹ் இவளுக்கு எவ்வளவு பெரிய மனசைக் கொடுத்திருக்கிறான், எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காலிதா திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"நம்ம தெருவுக்கு மட்டும் நீ வர வேணாம். அங்கன நானே சொல்லிக்கிறேன்."

மறுவாரம் ஜஸீலா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சஃபா வீட்டில் முதல் அழைப்பு. யார் வீட்டு நிக்காஹ் என்று சஃபா கேட்க, கடற்கரைத் தெரு காலிதா மகள் நிக்காஹ் என்றாள்; வீட்டோடு வரச் சொன்னாள், அடுப்பு மூட்ட வேண்டாம் என்றாள். அப்புறம் ஜஸீலா பள்ளிவாசல் தெரு முழுக்கச் சொல்லி முடித்து, கடற்கரைத் தெரு முனைக்கு வந்து நின்றாள். வெயில் அன்றும் அப்படித்தான் கொளுத்தியது. உள்ளே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், வாசல்களில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பிறந்த வீடு அங்கிருந்தே தெரிந்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, பள்ளிவாசலைச் சுற்றிப் புதுத்தெருவுக்கு நடந்தாள்.