தொண்ணூற்றெட்டு டிகிரியில் ஒரு தங்கை

தொண்ணூற்றெட்டு டிகிரி. தண்ணீர் கொதிக்க இன்னும் இரண்டே டிகிரி. மொட்டை மாடி அறையில் ஓடிக்கொண்டிருந்த நான்கு கம்ப்யூட்டர்களின் பிராசஸர்களும் அன்று மதியம் காட்டிய சூடு இது. வழக்கமாக எழுபதைத் தாண்டாதவை.

அந்த அறையில் வேலை செய்பவள், இன்னும் கட்டப்படாத கட்டடங்களை வீடியோவாக்கிக் காட்டுகிறவள். வரைபடத்தைக் கொடுத்தால் போதும். வாசலில் நுழைந்து, படியேறி, ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். முன்பு ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். "உன் ஐடியாவையெல்லாம் உன் வீட்டுல வச்சுக்கோ" என்று மேலாளர் சொன்ன வாரமே வேலையை விட்டாள். சொன்னபடியே வீட்டில் வைத்துக்கொண்டாள். வீடு அண்ணனுடையது. கீழே அண்ணனும் அண்ணியும், மேலே இவளும் இயந்திரங்களும். தெருவில் இவளுக்குப் பெயர் ஹீட்டர்.

அண்ணன் மின்கம்பம் ஏறும் லைன்மேன். அவர் தொழிலில் சூடு என்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தளர்ந்த இடம் சூடாகும், கருகும், பிறகு பற்றிக்கொள்ளும். பற்றியதைப் பார்த்திருக்கிறார், முன்கையில் தழும்பும் இருக்கிறது. தங்கை சுவரைத் துளைத்து ஃபேன் வைத்ததிலிருந்து, அதன் வழியாக நாள் முழுக்க அனல் வெளியே வந்துகொண்டிருந்தது. அவருக்கு நிம்மதி போயிற்று. அண்ணிக்கு அந்தக் கவலை இல்லை. மழை நாளில் ஈரத் துணியெல்லாம் அந்தத் துளைக்கு நேராகத்தான் காயும்.

அன்று காலை கம்ப்யூட்டர்களில் வேலையை ஓடவிட்டு, தங்கை வெளியே போயிருந்தாள். அண்ணன் ஃபேனைக் கழற்றி, கலவை குழைத்து, செங்கல் வைத்துத் துளையை அடைத்தார். தீப்பிடித்தாலும் அதற்குக் காற்று கிடைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

அவள் திரும்பி வந்தபோது அறை வெந்துகொண்டிருந்தது. திரையில், வீடியோ தயாராக மிச்சமிருக்கும் நேரம் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உருவாகிக்கொண்டிருந்தது புதிய பஸ் நிலையத்தின் படம். மாலையில் ஊர்க் கூட்டத்தில் போட்டுக் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த வேலைகள் எல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவரருகே போனாள். சத்தம் கேட்டு அண்ணன் ஓடி வந்தார்.

"ஏய்! அது என் வீட்டுச் சுவரு!"

"சுவரு உன்னோடது. உள்ள வேகுறது என் பொழப்பு."

"நல்ல மெஷினு எதுக்குடி சூடாகணும்? எங்கயோ கனெக்‌ஷன் கெட்டிருக்கு."

"கம்பத்துல ஏறுனா உனக்கு வேர்க்குமா, வேர்க்காதா?"

"வேர்க்கும்."

"அப்ப உனக்குள்ள எந்தக் கனெக்‌ஷன் கெட்டுப்போச்சு?"

அண்ணன் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, நீயே பாரு. நீ பாக்குற மாதிரியே பாரு."

அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிளக், ஒயர், சுவிட்ச் பெட்டி. எதிலும் சூடில்லை. இரண்டாவது முறையும் பார்த்தார்.

"அப்ப சூடு எங்கேர்ந்து வருது?"

"நகத்தளவு சில்லு, அதுக்குள்ள கோடிக்கணக்குல சுவிட்ச்சு. ஒவ்வொண்ணும் மாறும்போது துளித்துளியா மின்சாரம் ஏறி எறங்குது. அது அத்தனையும் சூடாத்தான் முடியும். ஒரு துளி ஒண்ணுமில்ல. செகண்டுக்கு எத்தனை கோடி தடவ மாறுதுன்னு நெனச்சுப் பாரு."

"அப்ப நீ இழுக்குற கரண்டெல்லாம்?"

"கடைசில எல்லாமே சூடுதான். நான் குடுக்குற படத்துக்குள்ள ஒரு சொட்டு கரண்டுகூடப் போகாது."

"அப்ப இது வெறும் ஹீட்டருன்னு சொல்லு."

"ஆமா. தெருவுல சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க. பஸ் நிலையத்தக் காட்டுற ஹீட்டரு. நகரு."

கலவை இன்னும் இறுகவில்லை. மூன்றாவது அடியில் செங்கல் உள்வாங்கியது. அண்ணன் கைகட்டி நின்றார். அவள் ஓரத்தை அடித்தபோது மட்டும் பொறுக்க முடியாமல், "அப்படி அடிச்சா சுவரே வந்துரும், குடு இங்க" என்று சுத்தியலைப் பிடுங்கி மிச்சத்தைத் தானே தட்டி எடுத்தார். ஃபேனையும் அவரே மாட்டினார்; முகத்தில் மட்டும் சம்மதம் இல்லை. அனல் வெளியே பாய்ந்ததும் அண்ணி ஈரப் போர்வையோடு படியேறி வந்தாள். "காலைலேர்ந்து இதுக்குத்தான் காத்திருக்கேன். எவன் அடைச்சான் இத?"

அண்ணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

சூடு எழுபதுக்கு இறங்கியது. கூட்டம் தொடங்கும் முன் படம் போய்ச் சேர்ந்தது.

"இனிமே ஒரு மெஷின்கூட இங்க ஏறக் கூடாது" என்றார் அண்ணன், சாப்பிடும்போது.

"அஞ்சாவதுக்குச் சொல்லியாச்சு, அண்ணே."

அது அடுத்த வாரம் வருகிறது. எதிர்ச் சுவரில் இரண்டாவது துளைக்கு அவள் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை.