ரேகை வைத்த மல்லிகைச் சாக்கு

“…அழிக்க முடியாதுங்கிறதுதான் இதோட பெருமைன்னு நீங்கதான தம்பி சொன்னீக? இப்ப அழிக்க முடியலைன்னு நீங்களே மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?”

கேட்டவர், மதுரைக்கு வெளியே மல்லிகை போட்டிருக்கும் ஓர் அக்கா. அவர் கேட்டது நியாயம்தான். கே.கே. நகரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் எனக்கு பிளாக்செயின் என்ற அந்த அழியாப் பதிவேட்டை யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்தத் தைரியத்தில், பூச்சிமருந்து அடிக்காத மல்லிகையை வாங்கி வாசனை எண்ணெய் எடுக்கும் ஒரு கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய், பூ போடுகிறவர்களின் போனில் அதற்கான ஆப்பை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏற்பாடு எளிது. பறித்த பூவைச் சாக்கில் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, ‘இது என் பூ, மருந்து அடிக்காதது’ என்று போனில் பதிந்து ரேகை வைக்க வேண்டும். போனுக்குள் இருக்கும் ரகசியச் சாவி அந்தப் பதிவுக்கு முத்திரை குத்தும். பதிவின் நகல் பல கம்ப்யூட்டர்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றில் கை வைத்தால் மற்றவை காட்டிக் கொடுத்துவிடும்.

பூ எப்படிக் கம்பெனிக்குப் போய்ச் சேருகிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. அந்தத் தெருவில் யார் வண்டியில் பெட்ரோல் இருக்கிறதோ, அன்றைக்கு அவர் எல்லார் பூவையும் தூக்கிப் போவார். மொட்டு விரிவதற்குள் போக வேண்டும். ஆளுக்கொரு சாக்கு வண்டியில் நிற்காது. தனித்தனியாக எடை போட்டு, ஒன்றாகக் கொட்டிக் கட்டிவிடுவார்கள். அதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. பிரச்சினை வந்த அன்று அக்கா வண்டி. பக்கத்து வீட்டுக்காரியின் பூவும் அவர் சாக்கில் ஏறியது. அந்தப் பூவில் மருந்து அடித்திருந்தது. கம்பெனிச் சோதனையில் தெரிந்துவிட்டது.

முத்திரையில் ஒரு குறையும் இல்லை. ரேகை அக்காவுடையது, சாக்கு அக்காவுடையது, நேரமும் சரி. சாக்குக்குள் எட்டிப் பார்க்க மட்டும் பிளாக்செயினுக்கு வழி கிடையாது.

“பழசை அழிக்க முடியாதுக்கா. கீழயே புதுசா ஒண்ணு எழுதலாம். மருந்து அடிச்ச பூ யாரோடதுன்னு அவுக பேரைப் போட்டுட்டா, நாளைக்கே கம்பெனியில உங்க பூவை எடுத்துக்கிருவாக. இல்லாட்டி இந்த சீசன் பூரா வேணாம்பாக.”

“அவ பேரும் அழியாதா?”

“அழியாதுக்கா.”

“அவ மக கல்யாணத்தப்பவும் இருக்குமா?”

“கம்ப்யூட்டர் ஓடுற வரைக்கும் இருக்கும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி துணி அலசிக்கொண்டிருந்தார். நான் வந்ததிலிருந்து ஒரே சேலைதான்.

“ஏத்தா, அம்புட்டுத் தண்ணியும் அந்தச் சேலைக்கேவா?” என்று அக்கா குரல் கொடுத்தார். “புழு விழுந்துருச்சு, மருந்து அடிச்சேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்க?”

அலசும் சத்தம் நின்றது.

அக்கா என் பக்கம் திரும்பினார். “இதுல பொய் எழுதுனா கண்டுபிடிச்சிருமா?”

“யார் எழுதுனதுன்னு சொல்லும்க்கா. எழுதுனது நெசமான்னு சொல்லாது.”

அக்கா போனை வாங்கி, மருந்து அடித்தவர் பெயர் கேட்ட கட்டத்தில் தன் பெயரையே அடித்து, விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, ரேகை வைத்தார்.