முறுக்கு பிழியாத அச்சு

அப்பா இறந்து பதினாறு நாளாகிறது. ஆக்லாந்து வீட்டில் அவருடைய தோட்டா அச்சை ஹேர் டிரையரால் சூடுகாட்டித் துடைக்கிறேன். இறுகிய பழைய கிரீஸ் இளகித் தேன்மெழுகு வாசனை வந்ததும் துணியைக் கீழே வைக்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் தீவின் தவுவா ஊரில் கரும்பைத் தின்ன வரும் பன்றிகளைச் சுட, அப்பா ஈயத்தோட்டா வார்த்து, இந்த அச்சில்தான் கைப்பிடியை அழுத்தி, கிரீஸ் ஏற்றி அளவாக்குவார். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் துப்பாக்கியை ஒப்படைத்தார். சமையலறை மேசையில் முடுக்கியிருந்த அச்சை மறந்துவிட்டார்.

சோதனைக்கு வந்த சிப்பாய் அதைத் தொட்டு, "ஈ கா ஹை?" என்று, இது என்னவென்று இந்தியில் கேட்டான். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா சிரித்தார். "முறுக்கு பிழியறது, தம்பி. தீபாவளிக்கு வா, தர்றேன்." என் தோளை அழுத்திய அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

அவன் கிரீஸை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

தீபாவளியன்று நிஜமாகவே வந்தான், சீருடை இல்லாமல், தனியாக. அம்மா முறுக்குத் தட்டை நீட்டினார். ஒன்றைக் கடித்தபடி அப்பாவிடம் மெதுவாகச் சொன்னான்: "எனக்கு அன்னிக்கே தெரியும், அண்ணே. அடுத்து வர்றவன் முறுக்கு கேக்க மாட்டான்."

மறுநாளே அப்பா விசாவுக்கு எழுதினார். இங்கே வந்த பிறகும் கடைசிவரை, யார் கதவைத் தட்டினாலும் முதலில் அம்மாவைத்தான் போகச் சொல்வார்.