பரதேசியின் பங்கு: சென்ட்-ஆன் வயலில் பிடுங்கிய முளைக்கீரை

"மாஸ்டர், உங்கட வேதத்தில பையைப் பற்றி ஏதும் கிடக்கோ?"

வயலோரத்தில் நின்றபடி பவளக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அது நிறைய முளைக்கீரை. எதிரே ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண் எங்களை நோக்கி ஏறக்குறைய ஓடி வந்துகொண்டிருந்தாள். மொன்றியல் தீவின் மேற்கு முனைக்குப் போக நினைக்கும் நண்பர்கள் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தீர்கள். வழி சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கேள்வி எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி, ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்பில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த நான் மொன்றியலில் ஒரு தையல் பட்டறையில் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். நகரின் வில்லரே பகுதியில் ஒரு மாடி வீடு. யாழ்ப்பாணத்துச் செல்வமும் அவருடைய அக்கா பவளமும் என்னோடு அதே வீட்டில் இருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை செல்வத்துக்கு அகதி விசாரணை. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். இவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். விசாரணை முடியும்வரை ஒரு வம்புச் சோலிக்கும் போகவேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் செல்வம் ஓரிடத்தில் இருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார், மூடுவார். டெப்பனர் என்ற மூலைக்கடைக்குப் போய்வருகிறேன் என்று இறங்குவார், வெறுங்கையோடு திரும்புவார். "நிலம் தேயப் போகுது, தம்பி. கீழ் வீட்டுக்காரன் வந்து கத்தப் போறான்" என்று பவளக்கா ஏசினார். நடக்கத்தான் வேண்டுமென்றால் தீவு முடியும்வரை போய் நடப்போம் என்று நான்தான் இருவரையும் கிளப்பினேன்.

காலை எட்டு மணிக்கு ஜோன்-தலோன் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். லியோனல்-குரூவில் இறங்கி, மேற்கே போகும் பஸ். மொத்தம் முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் வரும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரண்டு மணி நேரம் எடுத்தது. பஸ்ஸில் இடது பக்கம் இருந்தால் ஏரி நன்றாகத் தெரியும். செல்வம் மூன்று தடவை இடம் மாறி இருந்தார், ஏரியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அவர் மனதைத் திருப்ப வேண்டும் என்று பேச்சுக் கொடுத்தேன். எங்கள் முதலாளி யூதர். வெள்ளி மாலை பொழுதுபட முன் பட்டறையைச் சாத்திவிடுவார். ஏன் அப்படி என்று செல்வம் கேட்டார். ஊரில் கிறிஸ்தவ சமயபாடம் படிப்பித்தவன் நான், விடுவேனா? யூதர்களின் பழைய வேதத்தில் கோயில் சட்டம் வேறு, ஊர்ச் சட்டம் வேறு என்று பிரித்து வைக்கவில்லை என்று தொடங்கினேன். ஓய்வுநாளைக் காக்கச் சொல்லும் அதே மூச்சில், கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திராதே, குருடன் நடக்கும் வழியில் தடை வைக்காதே, கள்ளத் தராசு வைக்காதே என்றும் சொல்லும். வயலை அறுக்கும்போது ஓரத்தை வழித்து அறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்றும் சொல்லும்.

"பரதேசிக்கு எண்டே எழுதிக் கிடக்கோ?" என்று செல்வம் கேட்டார்.

"ஓம், அப்படியே."

"அப்ப எங்கட பேர்தான் போட்டிருக்கு" என்றார் பவளக்கா. பஸ்ஸில் நாங்கள் மூவரும் சத்தமாகச் சிரித்தோம்.

இன்னொரு சட்டமும் உண்டு. அயலானின் திராட்சைத் தோட்டத்துக்குள் போனால் ஆசை தீரத் தின்னலாம், ஆனால் கூடையில் போடக்கூடாது. அதைச் சொல்லத் தொடங்கும்போது பஸ் நின்றுவிட்டது. தின்னலாம் என்பது வரை சொன்னேன். மீதி இறங்கும் அவசரத்தில் போய்விட்டது.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கால்வாய்க் கரையோரம் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. படகுகளுக்காக மதகைத் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். கோப்பி அன்று ஐம்பது சதம். செல்வம் பாதிக் கோப்பியை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். அவர் பின்னால் நடந்து நடந்து ஊருக்கு வெளியே, வேலி இல்லாத ஒரு சோள வயலுக்கு வந்து சேர்ந்தோம். ஓரத்தில் சோளம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு முளைக்கீரை, பச்சைப் பசேல் என்று. இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் அதைக் கண்டதே இல்லை.

"ஐயோ மாஸ்டர், உங்கட வேதத்தில சொன்ன ஓரம் இதுதானே! களையெண்டு விட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்று பவளக்கா குனிந்தார். வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, பையில் அடுக்கினார். வயல்காரனுக்குக் களை பிடுங்கிக் கொடுக்கிறோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பையைப் பற்றிய கேள்வியும் வந்தது.

"இருக்குது அக்கா. பையில போடக்கூடாது எண்டுதான் இருக்குது."

"அதை முதலே சொல்லுறதுக்கென்ன!"

"பொன்ஜூர்" என்றாள் அந்தப் பெண், முகத்தில் சிரிப்பில்லை. பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். இலைகளுக்கிடையே மறைந்திருந்த சிறு மரக்குச்சிகளையும் அவற்றைச் சுற்றிய கயிற்றையும் காட்டினாள். அவள் விவசாய ஆராய்ச்சி மாணவி. களையெடுக்காத நிலத்தில் எந்தக் களை எவ்வளவு வளர்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அந்தக் களைகள்தான் அவளுடைய பயிர். கயிறு கட்டிய சதுரங்களில் இரண்டு மொட்டையாகக் கிடந்தன. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

பேர் கேட்டாள். இதை மேலிடத்தில் சொல்ல வேண்டும் என்றாள்.

"மாஸ்டர், ஓடுவமே?" என்று செல்வம் என் காதுக்குள் கேட்டார். நான் என் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அக்காவின் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு முன்னால் போனார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பிடுங்கியது நான், அக்கா இல்லை என்றார். முழுப் பேரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவள் தன் குறிப்புக் கொப்பியில் எழுதினாள்.

"விசரா, பிடுங்கினது நானடா! வியாழக்கிழமையை மறந்து போனியோ?"

"பேசாம இரு அக்கா."

ஒருவனுடைய மாடு பிறத்தியார் வயலை மேய்ந்தால், தன் வயலின் நல்ல விளைச்சலைக் கொடுத்து ஈடு செய்ய வேண்டும் என்று அதே வேதத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன். "எங்களிட்டை வயலும் இல்லை, மாடும் இல்லை. கைதான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பவளக்கா தரையில் குந்தினார். நாங்கள் என்ன செய்து தரலாம் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். மழை வருமுன் மற்றச் சதுரங்களைப் பிடுங்கி, இனம் பிரித்து, நிறுக்க வேண்டுமாம். அவள் தனி ஆள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

பின்னேரம் மூன்றரை மணிவரை வேலை செய்தோம். செல்வம் அந்த வாரத்திலேயே முதல் தடவையாக ஓரிடத்தில் இருந்தார். ஆனாலும் பேர் எழுதிய கொப்பி அவளுடைய காற்சட்டைப் பையில் இருந்தது. இரண்டு செடிக்கு ஒரு தடவை அவர் அதைப் பார்த்தார். புறப்படும்போது அவள் நிறுத்து முடித்த கீரைக் குவியலைப் பவளக்கா பக்கம் தள்ளிவிட்டாள். எறியத்தான் போகிறேன், உண்மையாகவே இதைத் தின்பீர்களா என்று கேட்டாள். "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார் பவளக்கா.

திரும்பும் பஸ்ஸில் செல்வத்துக்கு ஒரே கேள்வி.

"பேரை வெட்டினவளோ மாஸ்டர்?"

"நான் காணேல்லை தம்பி."

"பொலிசுக்குச் சொல்லுவாளோ?"

அன்று கீரைக்கறி வைத்தோம். செல்வம் தொடவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் கதையைச் சொன்னேன். அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தின்னலாம் என்ற அந்தச் சட்டம், தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு மட்டும்தான் என்று யூதப் பெரியவர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வழிப்போக்கனுக்கு அது இல்லையாம். "நீங்கள் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு வேலை செய்திருக்கிறீர்கள். சட்டத்தைத் தலைகீழாகக் காப்பாற்றியிருக்கிறீர்கள்." சிரிப்பு அடங்கிய பிறகு, அந்த ஆள் தன் உண்மையான பேரையா கொடுத்தான் என்று கேட்டார். ஆம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை செல்வம் சத்தியம் செய்து விசாரணைக்கு இருந்தார். இந்த நாட்டில் ஏதாவது பிரச்சினையில் மாட்டியதுண்டா என்று அதிகாரி கேட்டாராம். இல்லை என்ற ஒரு சொல்லை எதிர்பார்த்து வழக்கறிஞர் கடதாசியைப் புரட்டிக்கொண்டிருந்தார். செல்வமோ சோள வயலில் தொடங்கி மூன்றரை மணிவரை முழுக்கதையையும் சொல்லிவிட்டார். வழக்கறிஞருக்கு வியர்த்துவிட்டதாம்.

"உனக்கென்ன பைத்தியமா? அவர் கீரைக் கதையைக் கேக்கவே இல்லையே" என்றேன் நான்.

"அவள் என்ரை பேரை எழுதி வைச்சிருக்கிறாள், மாஸ்டர். முந்தி நான் சொன்னா அது என்ரை கதை. பிறகு அவையள் கண்டுபிடிச்சா அது வேறை கதை."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் செடியை எப்படிச் சமைப்பீர்கள் என்று மட்டும் கேட்டாராம். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் ஒரு பனிக்காலம் முழுக்கச் செல்வம் வீட்டை அளந்து நடந்தார். வசந்தத்தில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அடுத்த ஆண்டு மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள்.

நீங்கள் போவதானால் ஓகஸ்டில் போங்கள். பஸ் எண்களும் கட்டணமும் மாறியிருக்கும், முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பஸ்கள் குறைவு, குடையும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். நடைபாதையில் ஒரு மணி நேரம், ஊருக்கு வெளியே நடக்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எது முளைத்திருந்தாலும், குனிவதற்கு முன் அங்கே நிற்கும் முதல் ஆளிடம் "இது யாருடையது?" என்று கேளுங்கள்.