நடந்துகினே திட்டு, நைனா!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு சினிமாவில் வேலை பார்த்தேன். நடிக்கவில்லை. காய்கறிப் பைக்குள் ஸ்பீக்கரை வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன் — அவ்வளவுதான்!

டைரக்டர், கேமராமேன் எல்லாம் ஷபானாதான். திருத்தணியில் என் பக்கத்து வீட்டு மெக்கானிக் பாயின் மகள். விஸ்காம் படிக்கிறாள். கல்லூரிக்காக ஒரு படம். வசனம் கிடையாது, அவளே மெட்டமைத்த பாட்டு மட்டும். ஒரு பெண் கனவில் நடப்பதுபோல் கடைத்தெருவைக் கடந்து மலையடிவாரத்துக்குப் போகிறாள். கட்டே இல்லாமல் ஒரே ஷாட். பாட்டு முடியும்போது அவள் கால் மலைக்கோயிலின் முதல் படியில் இருக்க வேண்டும்.

நடித்தவள் ஷபானாவின் வகுப்புத் தோழி தேவி. பக்கத்து நெசவு ஊரான அம்மையார்குப்பத்துப் பெண். நடிப்பென்றாலே அவள் அப்பாவுக்கு ஆகாதாம். அதனால் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முதல் தடவை எடுத்தபோது ஒரு ஆட்டோக்காரர் கேமராவைப் பார்த்து டாட்டா காட்டினார். அடுத்த தடவை ஆடு குறுக்கே வந்தது. படம் பிடித்த போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே போனது.

"இதான் கடைசி ஆன்ட்டி," என்றாள் ஷபானா.

பாட்டைப் போட்டேன்.

என்னவென்று சொல்ல... அப்போதுதான் தூறல் விட்டிருந்தது. மலை பாதி மேகத்துக்குள். ஈரத் தெருவில் பூக்கடைகளின் மஞ்சளும் சிவப்பும் கரைந்து கிடந்தன. தேவி அதன்மேல் மிதந்து போனாள். தினமும் நான் தக்காளி வாங்கும் தெருவா இது?

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸிலிருந்து புடவை மூட்டையோடு ஒருவர் இறங்கினார். தேவியைப் பார்த்தார். நேராக அவள் பக்கத்தில் வந்துவிட்டார்.

"கிளாஸுன்னு சொல்லிட்டு இங்க இன்னா பண்ணிகினு இருக்கே?"

தேவியின் அப்பா!

ஷபானா கேமராவை இறக்கவில்லை. தேவியும் நிற்கவில்லை. முகத்தில் அதே கனவு. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"நிக்காத நைனா... ஷாட்டு போய்கினு இருக்குது. நடந்துகினே திட்டு."

அவரும் நடந்துகொண்டே திட்டினார்.

"பொய் சொல்ற அளவுக்கு வந்துட்டியா?"

"உண்மையச் சொன்னா வுட்டிருப்பியா நைனா?"

கொஞ்ச தூரம் பாட்டு மட்டும்தான். எதிரே ஒரு பைக் வேகமாக வந்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். பைக் போன பிறகும் விடவில்லை. தேவி திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அப்படியே நடந்து இருவரும் முதல் படியில் கால் வைக்க, பாட்டு முடிந்தது.

"கட்" சொல்ல மறந்து ஷபானா அழுதுகொண்டிருந்தாள்.

ஷபானா போனின் ஒலியை அணைத்தாள்; நான் பாட்டைப் போட்டேன். அப்பா அந்தப் படியிலேயே உட்கார்ந்து போனில் படத்தைப் பார்த்தார். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார்.

"அவ்ளோ திட்டினனே... அதெல்லாம் எங்க?"

"பேச்செல்லாம் இதுல வராது நைனா. பாட்டுதான்."

மகள் கையை விடாமல் நடக்கும் தன்னையே திரையில் உற்றுப் பார்த்தார். "கோவத்துல கூடவா நா இப்டி இருக்கேன்?" என்றார். பிறகு எழுந்து மூட்டையைத் தோளில் வைத்தார். "உங்கம்மாவுக்குக் காட்டு. திட்டினத மட்டும் சொல்லாத."

அன்று சாயங்காலம் காபியில் சர்க்கரை அதிகம் என்று என் கணவர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். நான் ஒரு பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டு அவர் முகத்தை மட்டும் பார்த்தேன்.

பாவம், நல்ல மனுஷன்தான்!